காணாத முயலின் கணக்கு

பொதுமக்கள் தம் கண்ணில் பட்ட விலங்குகளைக் குறித்துக் கொடுத்தால், அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஓர் உயிரினத்தைக் காக்க முடியுமா என்பது இன்றைய பேச்சின் பொருள். முயலை முன்வைத்துப் பேசுகிறேன். புலியையும் யானையையும் எண்ணுவதற்கு அரசுகள் ஆளும் பணமும் ஒதுக்குகின்றன. முயலுக்கு எந்த நாட்டிலும் அப்படி எளிதில் ஒதுக்கியதில்லை. அது வயலோரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் வண்டி விளக்கின் வெளிச்சத்திலும் எல்லோரும் பார்த்திருக்கிற விலங்கு. எல்லோரும் பார்த்ததாலேயே யாரும் எழுதி வைக்காத விலங்கும்கூட. ஆகவே முயலை எண்ண வேண்டுமென்றால் மக்களிடம்தான் போக வேண்டும். அவர்களிடம் போய் என்ன கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘முயலைப் பார்த்தால் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்கிற கணக்கெடுப்பு முயலுக்குப் பெரிதாக உதவாது என்பது என் வாதம். எந்த வழியாக, எவ்வளவு தூரம் நடந்தீர்கள், முயல் இருந்ததா என்று கேட்டு, இல்லை என்ற பதிலையும் அதே மதிப்போடு வாங்கி வைக்கிற கணக்கெடுப்பே உதவும்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். 1872இல் அமைந்த பூங்கா அது. உலகிலேயே விலங்கியலாளர்கள் அதிகம் நடந்து திரிந்த நிலங்களில் ஒன்று. 2008இல் ஜோயல் பெர்கர் என்ற விலங்கியலாளர் ‘ஓரிக்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் பூங்காக்கள் இருக்கும் அந்தப் பெருநிலப்பரப்பில் வெள்ளைவால் முயல் அற்றுப்போய்விட்டது, அற்றுப்போனதை யாரும் கவனிக்கவே இல்லை என்பது அதன் சாரம். கரடிகளையும் ஓநாய்களையும் தனித்தனியாக அடையாளம் கண்டு எண்ணுகிற இடத்தில், அவற்றின் கீழே இருக்கும் ஓர் இரைவிலங்கு ஓசையில்லாமல் மறைந்துவிட்டது என்றால் அது பெரிய செய்திதானே? ஆனால் பூங்காவின் வட எல்லையை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் அந்த முயல் இன்னும் இருக்கிறது என்பதற்கான பதிவுகள் விரைவிலேயே வெளியே வந்தன. பெர்கரும் நேர்மையாகத் திருத்தம் வெளியிட்டார். 2009இல் கெர்ரி குந்தரும் உடன் பணியாற்றியவர்களும் பூங்காவில் அம்முயல் எங்கெங்கே இருக்கிறது என்று எழுதினார்கள். இந்தச் சர்ச்சையில் யார் சரி, யார் தவறு என்பது எனக்கு முக்கியமில்லை. நூறாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்ட ஒரு நிலத்தில், நல்ல பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிற விலங்கை இல்லை என்று முடிவுகட்ட நேர்ந்தது எப்படி என்பதே கேள்வி. ஒரு சமவெளியில் முயல் பற்றிய குறிப்பே இல்லை என்றால், அங்கே முயல் இல்லை என்று கொள்வதா, அங்கே போனவர் முயலை எழுதத் தகுந்ததாக நினைக்கவில்லை என்று கொள்வதா? வெறும் காட்சிக் குறிப்புகளின் குவியல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. நடந்தேன், தேடினேன், காணவில்லை என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அது பிரியும்.

இதை நன்றாக உணர்ந்து கேள்வி அமைத்த முன்னோடி ஒருவர் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்ல்ஸ் எல்ட்டன், 1931இல் கனடாவின் பனிமுயல் பற்றிய விசாரணை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் டென்னிஸ் சிட்டி அதை நடத்தினார். 1948வரை அது தொடர்ந்தது. ஹட்சன் பே கம்பெனியின் வணிக நிலையங்களில் இருந்தவர்கள், பொறி வைத்து மென்மயிர்த் தோல் எடுத்துப் பிழைத்தவர்கள், காவலர்கள் என்று வடகாட்டில் ஆண்டு முழுவதும் கிடந்தவர்களுக்கு வினாத்தாள் போயிற்று. எத்தனை முயல் என்று அதில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலெல்லாம் ஊகமாக வந்திருக்கும். உங்கள் வட்டாரத்தில் போன ஆண்டைவிட முயல் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா என்று கேட்டார்கள். காட்டில் பொறி வைக்கிறவருக்கு இதற்குப் பதில் தெரியும். வயிற்றுப்பாடு அதில் இருக்கிறது. ‘குறைந்துவிட்டது’ என்ற பதிலும் ‘கூடிவிட்டது’ என்ற பதிலும் வரைபடத்தில் ஒரே அளவு இடம் பிடித்தன. ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை முயல் பெருகிச் சரிகிற சுழற்சி கனடாவின் பரப்பில் எப்படி நகர்கிறது என்பதை அந்த வரைபடங்கள் காட்டின. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பதிலும் நம்பத் தயங்குகிற அளவுக்கு மேலோட்டமானது. ஆனால் அவை அந்த நிலத்தை விட்டு அகலாத மனிதர்கள் ஆண்டுதோறும் சொன்னவை. பின்லாந்தில் 1989 முதல் வேட்டைக்காரர்கள் நடந்துவரும் முக்கோணத் தடங்களும் இதே வழியில் வந்தவைதான். பக்கத்துக்கு 4 கிலோமீட்டராக 12 கிலோமீட்டர். குளிர்காலத்தில் அந்தக் கோட்டைக் குறுக்கிட்டுப் போகும் விலங்குகளின் தடத்தைப் பனியில் எண்ணுகிறார்கள். தடமே குறுக்கிடாத கோடும் கணக்கில் வந்துவிடுகிறது.

பிரிட்டனில் இந்த முறை இன்னும் ஒழுங்கு பெற்றது. அங்கே பறவையியல் அறக்கட்டளை 1994 முதல் இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்துகிறது. 1995இலிருந்து அதே நடையில் பாலூட்டிகளையும் குறிக்கச் சொல்கிறார்கள். நாடு முழுவதும் 1 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தன்னார்வலர் தமக்குப் பிடித்த இடத்துக்குப் போக முடியாது; விழுந்த சதுரத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குள் ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு நடைக்கோடுகள். ஒவ்வொன்றும் 200 மீட்டர் கொண்ட ஐந்து துண்டுகள். வேனிலின் தொடக்கத்தில் ஒருமுறை, பின்பாதியில் ஒருமுறை, காலையில் மெதுவாக நடக்கிறார். படிவத்தில் பழுப்பு முயல் என்ற வரிசைக்கு எதிரே, ஒன்றும் தென்படாவிட்டால் 0 என்று எழுத வேண்டும்; வெற்றிடமாக விடக் கூடாது. வெற்றிடம் என்றால் அவர் பாலூட்டிகளைக் கவனிக்கவே இல்லை என்றும் ஆகலாம். 0 என்றால் கவனித்தார், இல்லை. இவ்வளவு சிறிய ஏற்பாட்டால்தான், பறவை பார்க்கப் போனவர்களின் நடையிலிருந்து பழுப்பு முயல், மலைமுயல், வளை தோண்டி வாழும் குழிமுயல் உட்பட ஒன்பது பாலூட்டிகளின் ஏற்ற இறக்கத்தை அந்த நாட்டால் ஆண்டுதோறும் சொல்ல முடிகிறது.

எண்ணிக்கைகளைப் படிப்பதிலும் இந்த ஒழுங்கு வேண்டியிருக்கிறது. 1991 முதல் 1993 வரை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹட்சிங்ஸ், ஹாரிஸ் இருவரும் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய தேசிய முயல் கணக்கெடுப்பு, பிரிட்டனில் சுமார் 8,17,500 பழுப்பு முயல்கள் இருப்பதாக மதிப்பிட்டது. 2018இல் வெளியான பாலூட்டிகள் மதிப்பாய்வு 5,79,000 என்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, கால் நூற்றாண்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் முயல் போயிற்று என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. இரண்டும் வெவ்வேறு முறையில் வந்த எண்கள், பின்னதன் பிழை எல்லை மிக அகலமானது. ஒரே சதுரத்தில், ஒரே கோட்டில், ஆண்டுதோறும் ஒரே முறையில் நடந்தவரின் சிறிய எண், இந்த இரண்டு பெரிய எண்களைவிட நம்பகமான சாட்சி.

இனி எதிர்வாதங்கள். முயல் இரவில் மேய்கிற விலங்கு. பகலில் நடப்பவர் எதைப் பார்ப்பார் என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. முயல் வளை தோண்டுவதில்லை. பகலில் புல்லிலோ உழுத மண்ணிலோ தன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளத்தில், காதை முதுகோடு படியவைத்து, மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கிறது. மனிதர் சில அடி தூரத்தில் வரும்வரை அசையாது. மிதித்துவிடுவோம் என்ற நிலையில்தான் எழுந்து பாய்கிறது. ஆக, கோட்டுக்குப் பக்கத்தில் கிடப்பது எழுந்து ஓடிக் கண்ணில் படும். தள்ளிக் கிடப்பது தப்பிவிடும். இந்தக் குறையையே கணிதம் கருவியாக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முயலும் நடைக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்றும் எழுதச் சொல்கிறார்கள். தூரம் கூடக்கூடக் காட்சிகள் எந்த வேகத்தில் குறைகின்றன என்று பார்த்தால், தப்பியவை எத்தனை இருந்திருக்கும் என்று கணக்கிடலாம். இரவில் ஒளிவிளக்குப் பாய்ச்சி எண்ணுவது இன்னும் அதிகம் காட்டும் என்பதும் உண்மை. ஆனால் அதுவும் தானாகப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. அயர்லாந்துக்கே உரிய முயல் கிளையினத்தை இரவில் விளக்கொளியில் எண்ணியபோது, அயர்லாந்துக் குடியரசில் 2006இல் 2,33,000 என்றும் 2007இல் 5,35,000 என்றும் மதிப்பீடு வந்தது. ஓராண்டில் இரு மடங்குக்கும் மேல்! 2006இல் மட்டும் எண்ணியிருந்தால் ஆபத்து என்றிருப்பார்கள். 2007இல் மட்டும் எண்ணியிருந்தால் கவலை வேண்டாம் என்றிருப்பார்கள். அதிகம் பெருகி அதிகம் மடிகிற விலங்கு முயல். அதை ஒருமுறை மிகத் துல்லியமாக எண்ணுவதைவிட, சுமாரான துல்லியத்தோடு இருபது ஆண்டு எண்ணுவது மேல். இருபது ஆண்டு நீடிக்கிற உழைப்பைப் பெரும்பாலும் ஊர்மக்களிடமிருந்தே எதிர்பார்க்க முடியும். மூன்றாண்டு நிதியில் ஓடுகிற ஆய்வுத் திட்டத்திடம் எதிர்பார்க்க முடியாது.

பயிற்சி இல்லாதவர் முயலையும் குழிமுயலையும் மாற்றி எழுதிவிடுவார் என்கிற எதிர்வாதத்துக்கு அதிக நேரம் வேண்டாம். முயலின் நீண்ட காதில் கருமுனை இருக்கும், பின்னங்கால் ஓங்கியிருக்கும். ஓடும்போது பழுப்பு முயலின் வால் மேற்புறம் கறுப்பாகத் தெரியும், மலைமுயலின் வால் முழு வெண்மை. அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுக்கக் கூடியது. எஞ்சும் பிழையும் ஆண்டுக்காண்டு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்குமானால் போக்கைக் கெடுக்காது.

ஸ்காட்லாந்தில் மலைமுயல் பற்றி எழுந்த சண்டை இந்த வாதத்துக்கு உண்மையான சோதனை. ஹெதர் புதர் படர்ந்த மேட்டுநிலங்களில் க்ரௌஸ் என்ற பறவையைச் சுடும் வேட்டை பெரிய வருமானம். மலைமுயல் உண்ணிகளைச் சுமந்து, பறவைக்கு வரும் ஒரு நச்சுயிரி நோயைப் பரப்புகிறது என்ற எண்ணத்தில் அந்தப் பண்ணைகளில் முயல்கள் பெருமளவில் சுடப்பட்டன. ஆடம் வாட்சன் என்ற இயற்கையியலாளர் கிழக்கு மலைப்பகுதிகளில் 1950களிலிருந்தே வசந்தகாலத்தில் ஒரே நிலங்களில் நடந்து மலைமுயலை எண்ணிவந்தார். அவரும் ஜெரமி வில்சனும் 2018இல் வெளியிட்ட கட்டுரை, க்ரௌஸ் வேட்டைக்கெனப் பராமரிக்கப்பட்ட மேட்டுநிலங்களில் மலைமுயல் தொடக்க அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது என்றது. வேட்டைநிலத்தார் தரப்பு ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. க்ரௌஸ் எண்ணும்போது கூடவே குறித்த முயல் எண்ணிக்கைகளை வைத்து, வேட்டைக்குப் பராமரிக்கப்படும் நிலத்தில்தான் முயல் அதிகம் என்று காட்டினார்கள். இரு தரப்பும் எண்ணியிருந்தது. எண்ணிய இடம் வேறு, நோக்கம் வேறு. 2019இல் அரசு மலைமுயலின் நிலையைத் திருப்தியற்றது என்று அறிவித்தது. 2020இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2021 மார்ச் 1 முதல் உரிமம் இன்றி மலைமுயலைக் கொல்வதைத் தடை செய்தது. வாட்சன் அதைக் காணாமல் 2019 ஜனவரியில் மறைந்தார். அவருடைய பல பத்தாண்டு நடையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனாலும் ஒரு நாட்டின் விலங்கைப் பற்றிய சாட்சியம் ஒரு தனிமனிதரின் விடாமுயற்சியையும், எதிர்த்தரப்பின் வணிகக் குறிப்பேட்டையும் நம்பி நிற்கக் கூடாது. பறவையியல் அறக்கட்டளை, பாலூட்டிகள் சங்கம், அரசின் இயற்கைத் துறை, வேட்டைநிலப் பாதுகாப்பு அமைப்பு எல்லாம் சேர்ந்து தன்னார்வ மலைமுயல் கணக்கெடுப்பைத் தொடங்கியதற்கு இதுவே நியாயம். மலையேறிகள் கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து வைத்து நடக்கிறார்கள். நடந்த வழி முழுவதையும் அது பதிகிறது. முயலே தென்படாமல் இறங்கி வந்தாலும் அந்த வழி பதிவாகிவிடுகிறது. முன்பு மோதிக்கொண்ட தரப்புகள் ஒரே தாளில் கையெழுத்திட முடிந்ததற்குக் காரணம், முயல் உள்ள இடமும் இல்லாத இடமும் பாரபட்சமின்றி அதில் ஏறுவதுதான்.

ஒழுங்கற்ற தனிக்குறிப்புகளுக்குப் பயனே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அபாயச் செய்திக்கு ஒரே ஒரு குறிப்பும் போதும். 2018 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிகளில் முயல்கள் செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தபோது, ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் டயானா பெல், இறந்த முயலைக் கண்டால் படம் எடுத்து இடத்தைக் குறித்து அனுப்புங்கள் என்று விவசாயிகளிடமும் பொதுமக்களிடமும் கேட்டுக்கொண்டார். குழிமுயலைத் தாக்கிவந்த இரத்தக்கசிவு நச்சுயிரியின் இரண்டாம் வகை பிரிட்டனின் முயலுக்கும் தாவிவிட்டது என்பது டார்செட்டிலும் எஸ்ஸெக்ஸிலும் கிடைத்த உடல்களிலிருந்து உறுதியாயிற்று. 2019இல் அயர்லாந்திலும் அதே நோய் முயலில் தென்பட்டது. அங்கும் தேசியப் பூங்கா, காட்டுயிர்த் துறை மக்களின் தகவலைக் கேட்டது. நாய்ப்பந்தயத்துக்கு முயல் பிடிக்கும் உரிமங்களை அரசு நிறுத்தி வைத்தது. ஒரு நோய் வந்திருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல ஓர் உடல் போதும். முயல் குறைகிறதா என்ற கேள்விக்கு ஆயிரம் காட்சிக் குறிப்பும் தனியே பதில் சொல்லாது. எந்தக் கேள்விக்கு எந்தத் தகவல் என்ற தெளிவு, படிவத்தை அச்சடிக்கும் முன்பே வேண்டும்.

முயல் எங்கே இருக்கிறது என்று பதிந்தால் திருடனுக்கு வழி காட்டியதாகாதா என்ற கவலை வலுவானது. மற்ற எதிர்வாதங்களைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேட்டைநாயை ஏவி முயலைத் துரத்துவது 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாயிற்று. ஆயினும் பந்தயம் கட்டி இரவோடிரவாக வயல்களில் வண்டி ஓட்டி வருகிற கும்பல்கள் ஓயவில்லை. 2022இல் தண்டனையைக் கடுமையாக்க வேண்டியிருந்தது. அத்தகைய நாட்டில் காட்சி கிடைத்த புள்ளியை எல்லோரும் பார்க்கும் வரைபடத்தில் வைப்பது தவறு. துல்லியமான இடம் கணக்கிடுவோரிடம் மட்டும் இருக்கட்டும். பொதுவெளியில் 10 கிலோமீட்டர் கட்டம் போதும். மக்களின் தரவு மக்களுக்கே மூடப்படுகிறதே என்று சிலர் குறைப்படலாம். நிலத்தின் போக்கை அறிய அந்தக் கட்டமே போதும் என்பதுதான் பதில்.

எண்ணிக்கொண்டே இருப்பது எதுவும் செய்யாமல் இருப்பதற்கு வசதியான சாக்கு என்று கடிந்துகொள்பவர்களும் உண்டு. அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1995இல் பிரிட்டன் தீட்டிய உயிர்ப்பன்மைச் செயல்திட்டம், 2010க்குள் பழுப்பு முயலை இரட்டிப்பாக்குவோம் என்றது, இரட்டிப்பாகவில்லை. குட்டி ஈனும் காலத்தில் முயலைச் சுடக் கூடாது என்கிற தடைக்காலம், பல பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குப் பிறகும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வரவில்லை. ஸ்காட்லாந்து 2011இலேயே சட்டம் இயற்றிக் கொண்டுவந்துவிட்டது. எண்ணிக்கை சட்டத்தைத் தானே கொண்டுவராது என்பது இதில் தெரிகிறது. ஆனால் இரட்டிப்பாகவில்லை என்று அரசின் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்ததே அந்த நடைகளால்தான். அரசின் கடமையை மக்கள் தலையில் இலவசமாகக் கட்டுகிறார்கள் என்ற புகாரையும் ஓரளவு ஏற்கிறேன். நடப்பவர் கூலி கேட்காவிட்டாலும், படிவம் அடிக்கவும், பிழை பார்க்கவும், நடந்தவருக்கு முடிவைத் திருப்பிச் சொல்லவும் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும். அந்தச் செலவை ஏற்காத அரசு கணக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இந்த முறை நமக்குப் புதிதில்லை. தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலையொட்டி நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில், குறைந்தது 15 நிமிடம் பார்த்து, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அங்கே அப்போது தென்படவில்லை என்று பொருள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேச முடிந்தது, முப்பதாயிரம் பேருக்கும் மேல் தந்த அத்தகைய பட்டியல்களால். நம் காட்டு முயல், பிடரியில் கறுப்பு படர்ந்தது, உலகப் பட்டியலில் அக்கறை குறைந்த இனம். யெல்லோஸ்டோனின் வெள்ளைவால் முயலும் அதே பட்டியலில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியல் ஒரு மாவட்டத்தின் தரிசும் புன்செயும் மனைப்பிரிவாக மாறும்போது அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லாது.

இங்கே யாரைக் கேட்பது என்று எல்ட்டன் வழியில் யோசித்தால், ஆட்டுக்கிடை போடுகிற கீதாரிகள் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அந்தியிலும் விடியலிலும் தரிசில் நிற்பவர்கள், நாயோடு நடப்பவர்கள், ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே வழியில் போகிறவர்கள். சிவராத்திரியையொட்டிப் பாரி வேட்டைக்குப் போகும் வழக்கமுள்ள ஊர்க்காரர்களுக்கும் முயல் கிடக்கும் இடம் தெரியும். ஆனால் முயல் என்று வாயைத் திறந்தாலே வனத்துறை வழக்குப் போடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்வரை வருகிற ஒவ்வொரு ‘இல்லை’யும் சந்தேகத்துக்குரியதாகிவிடும், என் வாதம் முழுவதும் நிற்பது அந்த ‘இல்லை’யின் நம்பகத்தின் மேல்தான். ஆகவே படிவம் வனத்துறையின் பெயரில் போகக் கூடாது. கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் வழியாகப் போகட்டும். பிடித்தது, தின்றது பற்றி எதுவும் கேட்கக் கூடாது, ஆள் பெயரும் வேண்டாம். வழி, மாதம், பொழுது, போன ஆண்டைவிடக் கூடுதலா குறைவா, கண்டது எத்தனை, காணவில்லையென்றால் 0. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் மாணவர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுதலாம். முதல் ஐந்தாண்டுகளுக்கு மாநில மொத்த எண்ணிக்கை என்று எதையும் வெளியிடுவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். அயர்லாந்தின் 2006ஆம் ஆண்டு எண்ணையும் 2007ஆம் ஆண்டு எண்ணையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் இதற்குக் காரணம் கேட்கமாட்டார்கள்.